பத்து வருடம் பார்க்காத முகங்கள்

பாரிஸிலிருந்து வெர்சாய் அரண்மனைக்கு ரயில் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணாடி மண்டபத்துக்காகத்தான் போகிறார்கள். நானும் அங்கே கூட்டத்தில் நசுங்கி, நாலு படம் எடுத்துக்கொண்டு, விட்டால் போதும் என்று கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் மகள்கள் குடியிருந்த அறைகள் அங்கே இருக்கின்றன. மூச்சுவிட இடம் இருந்தது.

ரோகோகோ என்ற அந்த அலங்காரப் பாணிக் காலத்து இளவரசிகளின் ஓவியம் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலட்சியம். அரச குடும்பத்தை வரைந்த ஓவியர் ழான்-மார்க் நாத்தியே வரைந்தால் எல்லோருக்கும் ஒரே ரோஜாக் கன்னம், ஒரே பௌடர் தலை. அரசரின் மகள்களில் ஆன்ரியெத்தை ரோமானியப் பூத்தெய்வம் ஃப்ளோரா ஆக்கினார், அதெலாயிதை வேட்டைத் தெய்வம் டயானா ஆக்கினார். பளபளக்கும் பட்டுத்துணியை மட்டும் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வெர்சாயில் அப்படி நகர முடியவில்லை. காரணம், ஃபோந்தெவ்ரோவில் வரைந்த மூன்று படங்கள்.

1738-இல் அரசர் தன் கடைசி நான்கு பெண்களையும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஃபோந்தெவ்ரோ மடத்துக்கு அனுப்பிவிட்டார். அரண்மனையில் வைத்து வளர்த்தால் செலவாம்! கடைக்குட்டி லூயிஸுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. 1747-இல், அரசிக்குத் தெரியாமல், நாத்தியேயை மடத்துக்கு அனுப்பிப் பெண்களை வரைந்துவரச் சொன்னார். விக்துவார், சோஃபி, லூயிஸ் என்று மூன்று படங்கள் வந்தன. நான்காவது பெண் தெரேஸ் 1744-லேயே அந்த மடத்தில் இறந்துவிட்டாள். எட்டு வயது.

படங்களைப் பார்த்த அரசி மரி லெஷ்சின்ஸ்கா, பெரியவர்கள் இருவரும் அழகுதான், ஆனால் சின்னவளைப் போல மனதைக் கவர்ந்த எதையும் பார்த்ததில்லை என்ற பொருளில் கடிதம் எழுதினார். பெற்ற மகளின் முகத்தை ஓவியர் கொண்டுவந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அந்த ஒரே மாதிரிக் கன்னங்களை என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை. உதட்டோரத்தில், கண்ணில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று அந்தம்மா எவ்வளவு நேரம் தேடியிருப்பார்!

அரசியையும் 1748-இல் நாத்தியே வரைந்திருக்கிறார். கிரீடம் இல்லை, அரச அங்கி இல்லை. ரோமக்கரை வைத்த சிவப்பு உடை, தலையில் கறுப்பு லேஸ், விரித்த பைபிள். சாதாரண உடையில்தான் வரைய வேண்டும் என்பது அரசியுடைய விருப்பம். பக்கத்தைப் புரட்டும்போது யாரோ கூப்பிட்டதுபோல முகத்தைத் திருப்பியிருக்கிறார். வெர்சாயில் எனக்குப் பிடித்த ஓவியம் இதுதான். ஆன்ரியெத் வயோல் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் ஆளுயரப் படம் பிரமாண்டம்தான்; ஆனால் அது முடிந்தது 1754-இல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து.

விக்துவார் 1748-இல் வீடு திரும்பினார். சோஃபியும் லூயிஸும் 1750-இல் வந்தார்கள். லூயிஸுக்கு வயது 13. அரசி 1768-இல் காலமானார். அடுத்த இரண்டாவது வருடம் லூயிஸ், இந்தமுறை தன் விருப்பத்திலேயே, சேன்-தெனி ஊரிலிருந்த கார்மேல் என்ற கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில் துறவியாகச் சேர்ந்துவிட்டார்.