பஸ்ஸுக்கும் கவுன்டருக்கும் நடுவில்

ஜனவரி 18, 2025, சனி

ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட் வந்துவிட்டது. ஹெச்பிஏ1சி 6.1. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை என்று காகிதத்தின் ஓரத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை. "தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார். எப்போதுங்க நடப்பது என்று கேட்டேன். "காலையில அஞ்சு மணிக்கு எழுந்தா ஆச்சு."

என்னுடைய ஐந்து மணி ஏற்கெனவே விற்றுப்போன மணி. ப்ளஸ் டூ படிக்கும் பாப்பாவை எழுப்ப வேண்டும், மாமாவுக்குக் கஞ்சி, மூன்று டிபன் பாக்ஸ், அப்புறம் எட்டரைக்கு வடவள்ளியிலிருந்து கோவை ஆர்.எஸ்.புரத்துப் பேங்குக்கு பஸ். சாயங்காலம் பேங்கை விட்டுக் கிளம்பும் நேரம் கேஷ் டேலி ஆவதைப் பொறுத்தது. நடப்பதற்காக நாலரைக்கு எழுந்தால் தூக்கம்தான் வெட்டுப்படும். தூக்கம் குறைந்தாலும் சர்க்கரை ஏறும்.

அதற்காக டாக்டர் சொன்னதைத் தள்ளவும் முடியாது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. என்னைப் போல் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை வைத்துத் தொடங்கி மூன்று ஆண்டு வரை பார்த்தார்கள். சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி நடந்தவர்களில் 39 பேருக்கு. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். நம்ம ஊர் உடம்பு, நம்ம ஊர் சாப்பாடு, அதனால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். அந்த நடுவில் தப்பித்த பதினாறு பேரில் நானும் ஒருத்தியாக வேண்டும்.

ஜனவரி 22, புதன்

நேரத்தைத் தேடுவதை விட்டுவிட்டேன். ஏற்கெனவே போகிற வழியிலேயே நடையைச் சொருகுவதாக முடிவு. லாலி ரோடு சிக்னலில் பஸ் எப்படியும் நின்று நின்றுதான் நகரும். அங்கேயே இறங்கி கௌலி பிரவுன் சாலை வழியாக ஆர்.எஸ்.புரத்துக்கு நடந்துவிட்டேன். இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. பஸ்ஸிலேயே போயிருந்தால் மிச்சமாகியிருப்பது பத்து நிமிடம்.

வனக் கல்லூரி மதில் வரை நல்ல நிழல். 1902-இல் தொடங்கிய காஸ் அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. இத்தனை வருடம் பஸ் ஜன்னலில் அதன் போர்டை மட்டும் பார்த்திருக்கிறேன். மதில் முடிந்த பிறகு நடைபாதை என்று ஒன்று இருக்கிற இடத்தில் பைக், இல்லாத இடத்தில் பள்ளம்.

காட்டன் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. செருப்பு கைப்பையில். பேங்க் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "கால் வலிங்களா மேடம்?" இல்லைங்க அண்ணா, வலி வரக் கூடாதுன்னுதான் என்றேன். இனிச் செருப்பை என் டிராயரிலேயே வைத்துவிட வேண்டும், லெட்ஜருக்குப் பக்கத்தில்.

ஜனவரி 26, ஞாயிறு

வீட்டுக்காரர் ரேஸ் கோர்ஸ் கூட்டிப்போனார். சுற்றி வந்தால் இரண்டரைக் கிலோமீட்டர் இருக்கும். அழகான இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே காரில் வந்து நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் வடவள்ளியிலேயே ஒரு சுற்று நடந்திருக்கலாம். நடந்தவர்களில் பாதிப் பேர் அப்படியே காபி, வடைக்குத் திரும்பினார்கள். நாங்களும்தான்.

எவ்வளவு வேகம் போதும் என்று அவருக்குச் சந்தேகம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் கணக்கு. அவர் பாடிக் காட்டினார். வேகத்தைக் கூட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பென்ஷன் வாரம். கவுன்டரில் தலை நிமிர முடியவில்லை. சாப்பிட்ட கையோடு பின் சந்தில் பத்து நிமிடம் நடப்பது வழக்கமாகிவந்தது. இன்று அது நாலு நிமிடமானது. அதையும் விடவில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு போதும் என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு சொன்னதை 2020-இல் எடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய சலுகை.

சாப்பிட்டதும் நடப்பதற்குத் தனிப் பலன் உண்டு. தொடைத் தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சாம்பார் சாதம் செரிக்கத் தொடங்குகிற நேரம்தான் அதற்குப் பொருத்தம்.

லாக்கர் அறை கீழே, நாங்கள் மேலே. யாராவது லாக்கருக்கு வந்தால் முன்பெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இப்போது சாவியை நான் எடுத்துக்கொள்கிறேன். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதினார்: நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. நான் எங்கள் பேங்கின் கண்டக்டர்.

பிப்ரவரி 12, புதன்

நடை மட்டும் போதாதாம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, மனசும் இல்லை. இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினால் வேகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் நான் அடுப்படியில் நின்றுதான் ஆக வேண்டும், வேறு எதற்கும் உதவாத நேரம். அதில் தோப்புக்கரணம். பாதி வரை உட்கார்ந்து எழுவேன், மூட்டு அனுமதிக்கிற அளவுக்கு. பிறகு சமையல் மேடை விளிம்பைப் பிடித்துச் சாய்ந்து தண்டால். மேடை ஈரமாக இருந்தால் கை வழுக்கும், முதலில் துடைக்க வேண்டும். ஆவியில் கண்ணாடி வேறு மங்கிவிடும்.

மாமா தண்ணீர் குடிக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "பிள்ளையார் பூஜையறையில இருக்காரும்மா."

பிப்ரவரி 25, செவ்வாய்

அத்தைக்குக் கண் ஆபரேஷன். சொட்டு மருந்து, ஆஸ்பத்திரி, லீவு, விட்ட வேலை. ஒரு வாரமாக நடை இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "21 நாள் செய்தால் பழக்கம்" என்று நாத்தனார் அனுப்பியிருக்கிறாள். பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் லண்டனில் ஆட்களை வைத்தே பார்த்தார். சராசரி 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கு. நடுவில் ஒருநாள் விட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒரு வாரம் விட்டவர்களைப் பற்றி என்னவோ. நாளை ஷூ போட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

ப்ளஸ் டூ தேர்வு தொடங்கிவிட்டது. ராத்திரி மொட்டை மாடியில் நானும் பாப்பாவும். அவள் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறாள், அதனால் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டே கணக்குப்பதிவியல் ஒரு மதிப்பெண் கேள்விகள். "நற்பெயர் எந்தச் சொத்து?" "புலனாகாச் சொத்து." பதில் தெரியாவிட்டால் நின்றுவிடுகிறாள், நிற்காமல் யோசி என்று முதுகில் ஒரு தட்டு. கொடிக் கயிறு மட்டும் அவள் உயரத்துக்கு இடிக்கிறது. எப்போது இவ்வளவு வளர்ந்தாள்?

மார்ச் 14, வெள்ளி

தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை: ஊழியர்களுக்கு நடைப் போட்டி, தினம் பத்தாயிரம் காலடி, செயலியில் பதிய வேண்டும். அனுப்பியது மார்ச் மாதத்தில், வருடக் கடைசி கணக்கு முடிக்கிற மாதத்தில்! அந்தப் பத்தாயிரம் மருத்துவ ஆய்வில் பிறந்த எண் இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு நடை மீட்டரின் பெயர், விளம்பர எண். 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் 4,400 அடி நடந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் நடந்தும் கூடுதலாகத் தெரியவில்லை. எங்கள் கிளையில் ஒரு தம்பி போனைக் கையில் பிடித்து உட்கார்ந்தபடியே ஆட்டி முதலிடம் வந்துகொண்டிருக்கிறான்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். ஆனால் அரசு வரவு செலவுக்காகப் பேங்க் திறந்திருக்க ரிசர்வ் வங்கி உத்தரவு. இரவு வீடு வர நேரமாகிவிட்டது. இன்று மாடிப்படி மட்டும். பக்கத்துத் தெரு பிரியாணி வேறு.

ஏப்ரல் 19, சனி

5.9.

எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை, ரவிக்கை அளவும் அதேதான். டாக்டரம்மாவுக்குத் திருப்தி. எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம், 5.6 என்று மனசுக்குள் ஒரு எண் வைத்திருந்தேன். ஹெச்பிஏ1சி சுமாராக மூன்று மாதச் சராசரி, அதில் மார்ச்சும் அடக்கம் என்று அவரிடமே வாதாடிவிட்டு வந்தேன். "காலையில எழுந்து நடக்கறீங்களா?" என்று கேட்டார். பஸ், லாக்கர், இட்லிப் பானை எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மே 14, புதன்

டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வந்துவிட்டது. பொள்ளாச்சி. லாலி ரோடும் போச்சு, லாக்கர் படியும் போச்சு. போகவர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, முழுக்க உட்கார்ந்த பயணம்.

ராத்திரி வீட்டுக்காரருடன் உட்கார்ந்து போனில் மேப்பை வைத்துப் பார்த்தோம். காலையில் வழி இல்லை. பொள்ளாச்சி பஸ் திரும்பி வந்து நிற்பது உக்கடம். இறங்கினால் பெரியகுளம், கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏழு மணிக்கு அங்கே கூட்டம் இருக்கும், வெளிச்சமும் இருக்கும். கரையில் ஒரு நடை, அப்புறம் வடவள்ளி பஸ். ராத்திரிச் சமையல் அரை மணி தள்ளிப்போகும். "தோசை நான் ஊத்தறேன்" என்றார். மாவும் அவரே ஆட்டுவாரா என்று இன்னும் கேட்கவில்லை.