வேகம் விழுந்ததா, உயரம் விழுந்ததா?

நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு வருபவரின் சீட்டில் பெரும்பாலும் 'பாத எரிச்சல், மரத்துப்போதல்' என்றுதான் இருக்கும். கூடவே 'நீரிழிவு' என்றும் எழுதியிருந்தால், காரணம் ஏற்கெனவே பாதி முடிவாகிவிட்டது என்று பொருள். நரம்பு கெட்டிருக்கிறதா என்று சீட்டு கேட்கிறது. நான் பார்ப்பது, நரம்பில் எது கெட்டிருக்கிறது என்பதை.

நரம்பை ஓரிடத்தில் மின்சாரத்தால் தூண்டி, பதில் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு உயரமான அலையாக வருகிறது என்று அளப்பதுதான் இந்தப் பரிசோதனை. தொடங்கும் முன் கையைத் தொட்டுப் பார்ப்பேன். தோல் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் சூடாக்கிய பிறகுதான் வேலை. ஒரு டிகிரி குறைந்தாலே வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். குளிர்ந்த கை, இல்லாத நோயை அறிக்கையில் ஏற்றிவிடும்.

நரம்பிழையின் உள்தண்டான ஆக்ஸான் அழிந்தால் அலையின் உயரம் சரியும். மிஞ்சிய இழைகள் ஏறக்குறைய பழைய வேகத்திலேயே ஓடும். அதைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்தால் வேகமே விழும். கையில் நொடிக்கு 50 மீட்டர் இருக்க வேண்டியது 30க்குக் கீழே போனால், இழைகள் அழிந்ததை மட்டும் காரணம் சொல்லித் தப்ப முடியாது.

உறை நோயிலும் பிறவியில் வந்ததா, இடையில் வந்ததா என்று பிரிக்க வேண்டும். சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயின் முதல் வகையில் எல்லா நரம்புகளும் ஒரே சீராக மந்தமாக இருக்கும். இடையில் வரும் நாள்பட்ட நரம்பு அழற்சியில் அந்தச் சீர் இருக்காது: ஒரு நரம்பு 25, அடுத்தது 45. மணிக்கட்டில் தூண்டினால் நிமிர்ந்து வரும் அலை, முழங்கையில் தூண்டினால் பாதியாகச் சுருங்கி, ரம்பப் பல்லாகச் சிதறி வரும். நரம்பு வழக்கமாக நசுங்கும் இடங்களைத் தாண்டி இதைக் கண்டால், அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருக்க மாட்டேன். அனுப்பிய மருத்துவரை உடனே அழைத்துவிடுவேன். இம்யூனோகுளோபுலினோ ஸ்டீராய்டோ கொடுத்தால் பலருக்கு நடை திரும்பக்கூடிய நோய் இது. நீரிழிவு என்று எழுதிய சீட்டுக்கு அடியிலும் இது ஒளிந்திருக்கலாம்.

எல்லாம் இயல்பு என்று வரும் அறிக்கைதான் எனக்குச் சங்கடம். இந்தப் பரிசோதனைக்குத் தெரிவது பெரிய இழைகள் மட்டுமே. எரிச்சலைச் சுமப்பவை சிறியவை. ஆகவே 'நோய் இல்லை' என்று எழுதுவதில்லை. 'பெரிய இழைகள் இயல்பு, சிறிய இழைகளுக்குத் தோல் பயாப்ஸி தேவைப்படலாம்' என்று எழுதுகிறேன். நரம்புகளை வேகமாகத் தாக்கும் அழற்சியான கில்லன்-பாரே நோயின் முதல் நாட்களிலும் இதே கதைதான். தூண்டல் தண்டுவடம்வரை போய்த் திரும்பும்போது வரும் எஃப் அலை மட்டும் காணாமல் போயிருக்கலாம், அதுவும்கூட இயல்பாக இருக்கலாம். அப்போது மறுபரிசோதனைக்கு வரச் சொல்வேன். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதையும் சேர்த்தே எழுதுவேன்.