ஐம்பத்தாறாம் நாள்

நாய்க்குட்டி பிறந்து இன்றோடு 51 நாள். அதை வீட்டுக்குத் தூக்கி வர இன்னும் 5 நாள் இருக்கிறது.

எங்கள் கடையில் லென்ஸ் தேய்க்கும் தம்பிக்கு ஊர் சுவாமிமலை. திருக்கார்த்திகை இரவு கோயில் வாசலில் சொக்கப்பனை எரிந்துகொண்டிருந்த நேரத்தில், அவன் வீட்டு வைக்கோல் போருக்கு அடியில் செவலை ஐந்து குட்டிகள் போட்டது. செவலை என்பது நாயின் பெயர், நிறமும் அதுதான். அப்பன் யார் என்று அந்தத் தெருவில் கேட்டால் ஆளுக்கொரு நாயைக் காட்டுகிறார்கள். மறுநாள் காலை தம்பி கைப்பேசியில் படம் காட்டினான். கண் திறக்காத ஐந்து எலிக்குஞ்சுகள் போல இருந்தன. ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன்.

நான் குட்டியிடம் விழுந்தது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.

கும்பகோணத்தில் 22 வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைப் பார்த்தே சோறு தின்கிறவன். குட்டிகளுக்குக் கண் திறக்கிறது என்று தம்பி சொன்னதும், மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஐந்தில் ஒன்றுக்கு வால் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்தது போல வெள்ளை. அதற்கு வலது கண் முழுதாகத் திறந்திருந்தது, இடது கண் பாதி. விழி கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. புகை படிந்த நீலம். என் பக்கம் முகத்தைத் திருப்பியதே தவிர, பார்வை என்னைத் தாண்டி எங்கோ போனது. அந்த வயதில் வெளிச்சமும் நிழலும் தெரிந்தாலே அதிகம். பழக்க தோஷத்தில் பையிலிருந்து சிறிய டார்ச்சை எடுக்கப் போனேன். தம்பி என் கையைத் தட்டிவிட்டான். முதலாளி கையைத் தட்டியதற்காக அவனுக்குச் சம்பளம் கூட்டித் தர வேண்டும்.

குட்டி ஏன் நம்மை இப்படிப் போட்டு அடிக்கிறது என்பதற்கு விடை என் கடையிலேயே இருக்கிறது. நாலு வயதுக் குழந்தைக்கு பிளஸ் 5 பவர் கண்ணாடி மாட்டினால், லென்ஸுக்குப் பின்னால் கண் இரண்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். உடனே கடையில் நிற்கிற அத்தனை பேரும் ‘அச்சச்சோ’ என்று குழைவார்கள். மைனஸ் பவர் குழந்தைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை; அந்த லென்ஸ் கண்ணைச் சிறிதாக்கிவிடும். பெரிய தலை, உருண்ட நெற்றி, கீழே தள்ளி வைத்த பெரிய கண், உப்பிய கன்னம், குட்டைக் கால் இவற்றைப் பார்த்தால் மனிதனுக்குத் தூக்கி வளர்க்கத் தோன்றும் என்று ஆஸ்திரியாவைச் சேர்ந்த கொன்ராட் லோரென்ஸ் 1943இலேயே எழுதினார். நாய்களிடம் இன்னொரு தந்திரமும் உண்டு. உள்புருவத்தை மேலே தூக்கும் தசை நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாயிடம் அது பெயருக்குத்தான் இருக்கிறது என்று 2019இல் அறுத்துப் பார்த்தே சொன்னார்கள். புருவம் ஏறினால் கண் பெரிதாகும். கண் பெரிதானால் கடையில் நடப்பதுதான் நடக்கும்.

நான்காவது வாரம் வெள்ளைவால் அந்தத் தசையை என் மீது பயன்படுத்தியது. அன்றே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். தம்பியும் ‘எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணே’ என்றுதான் சொன்னான். எடுக்கவில்லை. அதற்குக் காரணம் 2012.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகிச் சில மாதங்கள். பெரிய நகரம் ஒன்றின் வாரச் சந்தையில், செருப்பு அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த வெள்ளைக் குட்டியை மனைவிக்குப் பிடித்துப்போனது. 3,500 ரூபாய். 45 நாள் ஆகிவிட்டது, ஊசி போட்டாயிற்று என்றார் விற்றவர். ரயிலில் மனைவியின் முந்தானைக்குள்ளேயே தூங்கி வந்தது. நான்காம் நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் வாந்தி, பிறகு ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. கால்நடை மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, முப்பது நாள்கூட ஆகியிருக்காது, ஊசியும் போட்டிருக்க மாட்டார்கள், இது பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார். குளுக்கோஸ் ஏற்றினார். ஆறாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. பெயர்கூட வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு 13 வருடம் எங்கள் வீட்டில் நாய்ப் பேச்சே இல்லை.

இந்த முறை மகளைவிட நான்தான் கண்டிப்பாக இருந்தேன்: எட்டு வாரம், 56 நாள், ஒரு நாள்கூடக் குறையாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. வைக்கோல் போருக்கடியில் பிறந்ததை நான் விலைக்கு வாங்கவில்லை என்றாலும், குட்டியின் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிறந்து 15ஆம் நாள் ஐந்துக்கும் குடற்புழு மருந்து, 30ஆம் நாள் மறுபடியும். பொங்கல் முடிந்ததும் ஒரு பிரம்புக் கூடையில் ஐந்தையும் வைத்து ஆட்டோவில் மருத்துவரிடம் கொண்டுபோய் முதல் தடுப்பூசி போட்டோம். பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி தொடர வேண்டும். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதம். அதுவரை தெரு மண்ணில் விடக்கூடாது, ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்கக்கூடாது, தூக்கிக்கொண்டுபோய் ஊர்ச் சத்தத்தையெல்லாம் காட்டுங்கள், பதினான்கு வாரத்துக்குள் பழகாததற்கு நாய் பிறகு ஆயுசுக்கும் பயப்படும் என்றார் மருத்துவர். ஆகவே தவில் சத்தம், மிக்ஸி, என் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் நான்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

காத்திருந்ததில் ஒன்று பார்த்தேன். ஆறாவது வாரம் வெள்ளைவால் தன் கூடப்பிறந்த கறுப்பனின் காதைக் கடித்தது. பால் பல்லானாலும் ஊசி. கறுப்பன் வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டான். வெள்ளைவால் அங்கேயே நின்றது. தலையைச் சாய்த்தது, ஓரடி வைத்தது, உட்கார்ந்தது. பிறகு போய் அதே காதை, இந்த முறை பல் படாமல், வாய்க்குள் வைத்துப் பார்த்தது. கறுப்பன் எழுந்துவிட்டான். இந்தப் பாடத்தை நானோ என் மகளோ நடத்தியிருக்க முடியாது. செருப்புப் பெட்டிக் குட்டிக்கு நடத்த யாருமே இல்லை.

அதே வாரம் செவலையின் குணமும் மாறியது. குட்டிகள் முட்டிக்கொண்டு பால் குடிக்கும்போதே எழுந்து நடந்துவிடும். இரண்டு குட்டிகள் காம்பில் தொங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் இழுபட்டுப் பொத்தென்று விழும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெவ்வேறு வயதுக் குட்டிகளின் படங்களைக் காட்டி எது அழகு என்று கேட்டதில், ஆறிலிருந்து எட்டு வாரக் குட்டிகளுக்கே அதிக மதிப்பெண் கிடைத்ததாம். தாய் பாலை நிறுத்தி விலகும் வயதும் அதுவே. தாய் கைவிடும் வாரத்தில்தான் குட்டி நம் கண்ணுக்கு உச்ச அழகாகத் தெரிகிறது. இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றப்பட்டது போலவும் இருந்தது.

வீட்டைத் தயார் செய்வதற்கு மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ‘அப்பா, நீங்களும் குட்டி உயரத்துக்கு வாருங்கள்’ என்று என்னைத் தரையில் படுக்க வைத்தாள். ஐம்பதை நெருங்குகிற முழங்காலோடு கூடம் முழுக்கத் தவழ்ந்தேன். மேலிருந்து பார்க்கிற வீடு வேறு, அரையடி உயரத்தில் பார்க்கிற வீடு வேறு. கைப்பேசி சார்ஜர் கம்பி மூக்கில் இடித்தது. பீரோவுக்கு அடியில் இரண்டு அந்துருண்டை. நாய் தின்றால் ஆபத்து. என் சட்டைப் பையிலிருந்து எப்போதோ உதிர்ந்த கண்ணாடி பிரேம் திருகாணிகள் ஏழு. கொல்லைக் கதவுக்கு அருகே எலிப்பாஷாணம் வைத்த தேங்காய் ஓடு, அதை யார் வைத்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் போகிற ஜலதாரை வாய்க்குக் கம்பி வலை அடித்தேன்.

அம்மாவோடுதான் பேச்சுவார்த்தை நீண்டது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு எங்கே போகும் என்ற பழமொழியைப் பாதி சொல்லி நிறுத்தினாள். கொல்லையில் அவள் பூஜைக்கு வளர்க்கும் அரளி மூன்று செடி. இலை, பூ, தண்டு எல்லாமே நாய்க்கு விஷம் என்றேன். ‘உன் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது, எந்த நாய் செத்தது?’ என்றாள். கடைசியில் செடியைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு மூங்கில் தட்டி. அடுத்தது சாப்பாடு. அம்மாவின் கணக்கில் நாய்க்கு சாம்பார் சாதம் போதும். வெங்காயம் கூடாது, பாயசத்துத் திராட்சை கூடாது, சாக்லேட் கூடாது, குட்டிக்கு நான்கு வேளை, முட்டை அவசியம் என்று நான் படித்துக்கொண்டே போக, முட்டை என்றதும் எழுந்து போய்விட்டாள். எங்கள் சமையலறைக்குள் முட்டை வந்ததில்லை. கொல்லை விறகடுப்பில், தனிப் பாத்திரத்தில், வேக வைப்பவன் நானே என்ற மூன்று நிபந்தனைகளோடு உடன்பாடு ஆனது.

மகள் உண்டியல் காசில் சிவப்புப் பந்து வாங்கி வந்தாள். அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் நிற அட்டையைக் காட்டினேன். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நிறம். புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து அதற்குப் புல்லோடு புல். மாற்றி நீலம் வாங்கினோம். பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை. பழந்தமிழில் நாய்க்குட்டியைக் குருளை என்பார்கள், அப்படியே வைக்கலாம் என்றேன். ‘வாசலில் நின்று கூப்பிடப்போவது நான்’ என்றாள் மகள். அவள் சொல்வது பிஸ்கட். மனைவி எதுவும் சொல்லவில்லை. ‘முதலில் ஏழு நாள் தாண்டட்டும்’ என்று மட்டும் சொன்னாள்.

முதல் இரவு குட்டி அழும். அதற்கு ஒரு உபாயம் உண்டு: துணி ஒன்றைத் தாயும் குட்டிகளும் படுக்கிற இடத்தில் சில நாள் போட்டுவைத்து, அந்த வாசனையோடு எடுத்து வந்து குட்டியின் சாக்குப் படுக்கையில் விரிக்க வேண்டும். என் பழைய வேட்டி ஒன்று செவலைக்கு அடியில் ஒரு வாரம் கிடந்தது. நேற்று எடுத்து வந்து திண்ணையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் வேட்டி கொல்லைக் கொடியில், சோப்பு மணக்க, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு வேட்டியைத் திண்ணையில் போட்டிருக்கிறாயே என்று எனக்கே திட்டு. இன்று இன்னொரு வேட்டியைத் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஐந்து நாளில் செவலை என்ன வாசனை சேர்க்குமோ சேர்க்கட்டும்.

சாயங்காலம் கடை வாசலில் பலகை எழுதி மாட்டினேன்: ‘புதன்கிழமை மதியம் கடை இல்லை.’ வழக்கமாக வருகிற பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, வீட்டில் ஏதாவது விசேஷமா என்றார். குட்டி எடுக்கப் போகிறேன் என்றால் உடனே ‘என்ன ஜாதி’ என்பார். சுவாமிமலை என்று சொன்னால் சிரிப்பார். அவருடைய புதுக் கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்து, போட்டுப் பார்த்து எழுத்து தெரிகிறதா சொல்லுங்கள் என்றேன்.