டவர் இல்லாத கட்டடத்துக்குத் தண்ணீர் மார்க் வாங்கிய கதை

"நம்ம கட்டடத்துல கூலிங் டவரே இல்லையே தம்பி, அந்த ரெண்டு மார்க்கை அப்படியே குடுத்துட வேண்டியதுதானுங்களே?" முதல் கூட்டத்திலேயே முதலாளி கேட்டார். பசுமைக் கட்டடச் சான்றிதழில் கூலிங் டவருக்கு, அதாவது ஏசி சூட்டைத் தண்ணீர் விட்டு ஆற்றுகிற கோபுரத்துக்கு, உள்ள 2 மார்க்கைத்தான் சொன்னார். கொழிஞ்சாம்பாறைக்காரர், விவசாயக் குடும்பம். ஆழியாறு தண்ணீர் எத்தனை நாள் வரும், தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 ஒப்பந்தப்படி கேரளாவுக்கு வர வேண்டிய 7.25 டிஎம்சியில் இந்த வருஷம் எவ்வளவு வந்தது என்று விரல்விட்டுச் சொல்கிற ஆள். அவரிடம் "ஆமாங்க, கிடைச்சுடும்" என்று வாய்விட்டுவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பாலக்காடு மாவட்டத்தில் கஞ்சிக்கோட்டுப் பக்கம் மூன்று மாடி அலுவலகம், 200 பேர் வேலை செய்கிற இடம். ஏசி முழுக்க விஆர்எஃப் என்கிற ரகம். வெளி யூனிட்கள் மொட்டை மாடியில் நின்று காற்றிலேயே சூட்டைத் தள்ளிவிடும், அதற்குச் சொட்டுத் தண்ணீர் வேண்டாம். பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு லீட் (LEED) என்கிற மதிப்பீட்டு முறையின் நான்காம் பதிப்பில் பதிவு செய்திருந்தோம். அதில் தண்ணீருக்கு மொத்தம் 11 பாயிண்ட்: கட்டடத்துக்குள் சேமிப்புக்கு 6, தோட்டத்துக்கு 2, கூலிங் டவருக்கு 2, மீட்டருக்கு 1.

டவர் பாயிண்ட் எதற்கு என்று அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். டவரில் சுற்றும் தண்ணீரில் உப்பு ஏறி, அதை வெளியே கொட்டுவதற்குள் எத்தனை சுற்று ஓட்டுகிறோம் என்பதுதான் அங்கே கணக்கு. டவரே இல்லாதவனிடம் அளக்க என்ன இருக்கிறது? 4.1 பதிப்பில் வேறு வழி உண்டு, நான்காம் பதிப்பில் பதிந்தவர்களும் அதை மாற்றாக எடுக்கலாம் என்றார்கள். ஆசையாகத் திறந்து பார்த்தேன். டவர் வைக்காமல் தண்ணீரை மிச்சப்படுத்தியதற்கு அங்கே பாயிண்ட் உண்டுதான். ஆனால் ஆஷ்ரே 90.1 என்கிற கட்டட ஆற்றல் சிக்கன விதிப்படி, உங்கள் கட்டடத்தோடு ஒப்பிடும் கற்பனைக் கட்டடத்தில் டவர் இருந்தாக வேண்டும். ஐந்து மாடிக்கு மேல், அல்லது ஒன்றரை லட்சம் சதுர அடிக்கு மேல் போனால்தான் அலுவலகக் கட்டடத்துக்கு அப்படி வரும். எங்களுடையது மூன்று மாடி, பரப்பும் அதற்கு எட்டவில்லை. இன்னொரு வழி ஏசி அல்லாத ப்ராசஸ் தண்ணீருக்கு, அதாவது உற்பத்தி மாதிரி வேலைகளுக்குப் போகும் தண்ணீருக்கு, மறுசுழற்சித் தண்ணீர் விடுவது. ஆலைக்குப் பொருந்தும், அலுவலகத்துக்கு ஏது ப்ராசஸ்? ஆக அந்த 2 பாயிண்ட் போச்சு. முதலாளியிடம் சொல்ல இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "அப்போ எங்கதான் மார்க் இருக்குது?" என்றார். கக்கூஸிலும் குழாயிலும் என்றேன்.

உண்மையிலேயே அங்கேதான் இருந்தது. லீட் கணக்கில் ஒரு நாளைக்குப் பெண்கள் மூன்று முறை, ஆண்கள் ஒரு முறை கழிப்பறையும் இரண்டு முறை யூரினலும் போவார்கள். சேமிப்பை ஒப்பிட வைத்திருக்கும் அடிப்படை அளவு கழிப்பறைக்கு ஒரு தடவைக்கு 6 லிட்டர், யூரினலுக்கு 3.8 லிட்டர், பொதுக் கழிப்பறைக் கைகழுவும் குழாய்க்கு நிமிடத்துக்கு 1.9 லிட்டர், சமையலறைக் குழாய்க்கு 8.3 லிட்டர். பாதிப் பாதி ஆண் பெண் என்று எங்கள் 200 பேருக்குப் போட்டால் நாளைக்கு 4,145 லிட்டர். நாங்கள் வாங்கியது 4.5/3 லிட்டர் இரட்டைப் பொத்தான் தொட்டி, 1.9 லிட்டர் யூரினல், 5 லிட்டர் சமையலறைக் குழாய், 1.3 லிட்டர் கைகழுவும் குழாய். கூட்டிப் பார்த்தால் 2,520 லிட்டர். சேமிப்பு 39.2 சதவீதம். 40 தொட்டால் 4 பாயிண்ட், தொடாவிட்டால் 3. அன்றைக்கு ராத்திரி எக்செல்லை மூடவே மனசு வரவில்லை.

குழாய் முனையில் திருகுகிற ஏரேட்டரை மட்டும் 1 லிட்டருக்கு மாற்றினோம். விரல் நுனி அளவு பொருள். 41.4 சதவீதம் வந்தது. அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆய்வாளரின் குறிப்பு திரும்பி வந்தது: குழாய் கம்பெனித் தாளில் ஓட்டம் 3 பாரில் எழுதியிருக்கிறது, லீட் அளவு 415 கிலோபாஸ்கல், அதாவது 4 பாருக்கும் மேல், அந்த அழுத்தத்தில் எவ்வளவு? அழுத்தம் கூடினால் ஓட்டமும் கூடும். கைகழுவும் குழாயையும் சமையலறைக் குழாயையும் திருத்திப் போட்டால் மறுபடி 39. இத்தனைக்கும் எங்கள் மேல் மாடியில் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 1 பார் அழுத்தம்கூடக் கிடையாது. ஆனால் தாளில் உள்ளதுதான் சாட்சி. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஒரு கடிதம். இரண்டு குழாயின் ஏரேட்டரும் அழுத்தம் ஏறினாலும் ஓட்டம் மாறாத ரகம் என்று விற்ற கம்பெனி எழுதிக் கொடுத்தது. அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று வாரம் நடையாய் நடந்தேன். புதிதாகச் செய்கிறவர்கள் பொருள் வாங்கும்போதே இந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மழைநீரைக் கழிப்பறைக்குத் திருப்பியிருந்தால் 50 சதவீதமும் தாண்டியிருக்கும், 6 பாயிண்ட். அதற்குத் தனிக் குழாய் ஓட்ட வேண்டும். நான் யோசித்தபோது டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார்கள்.

தோட்டம் சுலபம். முதலாளிக்குப் புல்தரை ஆசை. பங்குனி வெயிலும் கணவாய்க் காற்றும் சேர்ந்தால் அது ஒரு வாரம் தாங்காது என்று அவருக்கே தெரியும். வேம்பு, புங்கன், ஏற்கெனவே நின்ற நாலு பனை. நட்டபின் இரண்டு வருஷத்துக்கு மேல் பாசனம் வேண்டாம் என்று காட்டினால் 2 பாயிண்ட் முழுசாக வரும்.

மீட்டரில்தான் ஒரு கூத்து. போர் தண்ணீர், பஞ்சாயத்துக் குழாய், கோடையில் லாரி, மூன்றும் ஒரே சம்ப்பில் விழுகிறது. அதனால் மோட்டார் வெளியேறும் குழாயில் முதன்மை மீட்டர். அப்புறம் கழிப்பறைக் குழாய்களுக்கு ஒன்று, முற்றம் கழுவ வைத்த மழைநீர்த் தொட்டிக்கு ஒன்று. மூன்றாவதை மாட்டி ஒரு மாசம் ஆகியும் சுழியமே காட்டியது. குனிந்து பார்த்தால் அம்புக்குறி தொட்டியைப் பார்த்து நிற்கிறது. "தண்ணி போகுதில்ல சார்" என்றார் பிளம்பர். கழற்றித் திருப்பி மாட்ட இருபது நிமிடம்.

மொத்தம் 7 வந்தது. "டவர் மார்க் போச்சு, ஏசியில இருந்து சொட்டுற தண்ணியாவது கணக்குல வருமா?" என்று முதலாளி கேட்டார். அளந்து காட்ட நாங்கள் எதுவும் வைக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் மட்டும் அதை நீல டிரம்மில் பிடித்து மல்லிகைக்கு ஊற்றுகிறார். முதன்மை மீட்டர் அளவைக் குறிக்கிற நோட்டும் அவரிடம்தான் இருக்கிறது. ஐந்து வருஷம் லீட்காரர்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும்.