சுவரில் இருக்கும் அந்த ஓட்டை

வன்னியில் வீடு கட்டும்போது காற்றுக்கு வழி விடுவதைப் பற்றி யாரும் தனியாக யோசிப்பதில்லை. குசினி அரைச்சுவரோடு நிற்கும். பாலை விறகின் புகை கூரைக்கும் சுவருக்கும் இடையால் தானாகப் போய்விடும். மார்கழிப் பனியில் வயல் காவலுக்குப் போகிறவர்கள் கொட்டிலுக்கு முன்னால் கட்டை போட்டு எரித்துக் குளிர் காய்வார்கள். நாலு பக்கமும் வெளி. நெருப்புக்குக் காற்றுத் தட்டுப்பாடான இடத்தில் நாங்கள் வாழ்ந்ததே இல்லை.

இங்கிலாந்து வீடு இதற்கு நேர் எதிர். சூடு வெளியே போகக் கூடாதென்று இரட்டைக் கண்ணாடி யன்னல், கதவு இடுக்கெல்லாம் அடைப்பு. அப்படிப்பட்ட வீட்டுக்குள்ளும் அறையைச் சூடாக்கப் புகைக்கூடு இல்லாத காஸ் நெருப்பைப் பூட்டுகிறார்கள். ஊரில், வட்டக்கச்சியில் நின்றபோது எங்கள் இங்கிலாந்து வீட்டு முன்னறைப் படத்தைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள்: "புகைக்கூடு இல்லாமல் எரிச்சா, அந்தக் காத்தைத்தானேடா நீயும் பிள்ளையளும் இழுக்கிறியள்?"

ஓம், அதைத்தான் இழுக்கிறோம். அக்காவின் மகன் விரைவில் இங்கிலாந்துக்கு வேலைக்கு வரப்போகிறான். அவனுக்கு விளக்கமாகச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

இந்த நெருப்பில் எரிந்த காற்று, தேன்கூடு போலத் துளைகள் நிறைந்த ஒரு வினையூக்கியின் ஊடாகப் போய்த்தான் அறைக்குள் வருகிறது. அதில் இருக்கும் நச்சான காபனோரொட்சைட்டு அங்கே காபனீரொட்சைட்டாக மாறிவிடும். அறையில் ஒட்சிசன் குறைந்தால் காஸை நிறுத்த ஒரு உணரியும் உண்டு. ஆனால் இந்த இரண்டையும் நம்பி மட்டும் யாரும் இதைப் பூட்டுவதில்லை. வெளிச்சுவரில் குறைந்தது 100 சதுர சென்ரிமீற்றர் திறப்பு வேண்டும், அது மூட முடியாததாக இருக்க வேண்டும். அதே அறையில் திறக்கக்கூடிய யன்னலும் வேண்டும். அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது நெருப்போடு வரும் கையேட்டில் இருக்கும். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் இது ஆகாது.

எங்கள் ஆட்கள் முதற் குளிர்காலத்தில் கைவைப்பது அந்தத் திறப்பில்தான். முல்லைத்தீவுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, குளிர் காற்று வருகிறதென்று பழைய சாரத்தைச் சுருட்டி அதற்குள் அடைத்து வைத்திருந்தது. யன்னலில் தண்ணீர் வடிந்தது, மூலையில் கரும் பூஞ்சணம் படர்ந்தது. சுவரில் ஈரம் ஏறுகிறதென்று வீட்டுக்காரரோடு ஒரே சண்டை. தண்ணீர் நெருப்பிலிருந்துதான் வந்தது. ஒரு கனமீற்றர் காஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் நீராவியாக வரும். மூன்றரைக் கிலோவாற் நெருப்பு மணிக்கு அரை லீற்றர் அளவில் அறைக்குள் விடுகிறது. போக வழி இல்லாவிட்டால் அது சுவரில்தானே படியும்? படிந்த தண்ணீராவது கண்ணுக்குத் தெரிகிறது. காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எங்கள் வீட்டில் பூட்ட வந்தவர் முதலில் தன் காஸ் சேஃப் அட்டையை, அதாவது காஸ் வேலை செய்கிறவர்களின் பதிவு அட்டையை, காட்டினார். 2009 ஏப்ரலிலிருந்து பிரித்தானியாவில் காஸ் வேலைக்கு அந்தப் பதிவுதான் சட்டம். அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள், எந்தெந்த வேலை செய்யத் தகுதி என்பது அங்கேதான் எழுதியிருக்கும். தெரிந்த பொடியன் மலிவாகச் செய்துதருவான் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அவர் அறையை அளந்தார், சுவரைத் துளைத்து மூடி இல்லாத கம்பிவலை போட்டார். அப்புறம் காஸ் மீற்றரடியில் தண்ணீர் நிரப்பிய வளைந்த குழாயைப் பொருத்தி, காஸை அடைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் மட்டம் இறங்கவில்லை, கசிவு இல்லை. பீங்கான் விறகுத் துண்டுகளைக் கையேட்டுப் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரு துண்டு இடம் மாறிச் சுவாலையை மறித்தாலும் கரி பிடிக்கும், நஞ்சு கூடும். அழகுக்காக நாங்கள் மாற்றி அடுக்கக் கூடாது. எரியவிட்டு அழுத்தத்தையும் மீற்றர் ஓட்டத்தையும் பார்த்தார். நெருப்பைப் பற்றவைக்கும் சின்னச் சுவாலையை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார். ஒரு நிமிடத்துக்குள் காஸை நிறுத்தும் வால்வு 'டக்' என்று தானாக மூடியது. கடைசியில் கதவையும் யன்னலையும் சாத்தி, நெருப்பை முழுதாக எரியவிட்டு, அறைக் காற்றைக் கருவியால் அளந்தார். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் கிளம்புகிறவரை விடாதீர்கள். கையேட்டையும் உங்களிடமே தந்துவிட்டுப் போக வேண்டும்.

அக்காவுக்குக் காஸ் என்றாலே பயம், 2021 கடைசியில் இலங்கையில் அடுப்புகள் வெடித்த நாளிலிருந்து. நியாயமான பயம்தான். ஆனால் சிலிண்டர் காஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தில் தங்கும். இங்கிலாந்தில் குழாயில் வருவது இலேசு, மேலே போகும். மணம் வந்தால் சுவிச்சைத் தொடாமல் மீற்றரடி வால்வை மூடி, யன்னலைத் திறந்து, வெளியே போய் 0800 111 999க்கு அடிக்க வேண்டும். நாள் முழுக்க இலவசம்.

மணமே இல்லாத நஞ்சுக்குக் காபனோரொட்சைட்டு அலாரம்தான் துணை. நெருப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீற்றர் தள்ளி, உயரத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்குள் தலையிடியும் குமட்டலும், வெளியே போனால் சுகம் என்றால் அது இந்த நஞ்சாக இருக்கலாம், தடிமன் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள்.

"வாடகை வீடென்றால் ஆரைக் கேக்கிறது மாமா?" என்றான் மருமகன். வீட்டுக்காரரை. இங்கிலாந்தில் 2022 ஒக்ரோபரிலிருந்து இப்படி நெருப்புப் பூட்டிய அறைக்கு அலாரம் வைப்பது அவர் கடமை. ஆண்டுக்கொருமுறை காஸ் சோதனை செய்து, புதிதாக வருகிறவருக்குக் குடிபுகும் முன்பே அதன் பத்திரத்தைக் கொடுக்கவும் வேண்டும். வீட்டுச் சாவியை வாங்கும்போதே பத்திரத்தையும் கேட்டு வாங்கச் சொன்னேன். முன்னறையில் நெருப்பு இருந்தால், சுவரில் கம்பிவலை எங்கே என்று தேடிப் பார்த்து, யாரும் அதற்குள் எதையும் அடைத்திருக்கிறார்களா என்று ரோச் அடித்துப் பார்க்கவும் சொன்னேன்.