ஷாங்க்வைலர்ஸ் டிரைவ்-இன்: குழாய் ஸ்பீக்கரிலிருந்து கார் ரேடியோ வரை

பென்சில்வேனியாவில் அலென்டவுனுக்குப் பக்கத்தில் ஓரஃபீல்டு என்று ஓர் இடம். ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படி. ஆனால் அமெரிக்காவில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் டிரைவ்-இன் தியேட்டர்களிலேயே (திறந்தவெளியில் காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் தியேட்டர்) வயதில் மூத்தது இங்கேதான் இருக்கிறது. ஷாங்க்வைலர்ஸ் என்று பெயர், 1934 ஏப்ரல் 15-ஆம் தேதி திறந்தது. அக்கா வீடு அந்தப் பக்கம் என்பதால் ஜூன் மாதம் போயிருந்தபோது அத்தானை நச்சரித்து ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டோம்.

மூத்தது என்றாலும் முதலாவது இல்லை. முதல் டிரைவ்-இன் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில், கேம்டனுக்கு அருகே 1933 ஜூன் 6-ஆம் தேதி திறந்தது. ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் தன் வீட்டு வாசலிலேயே கார் பானெட்டின் மேல் புரொஜெக்டரை வைத்து, மரங்களில் திரையைக் கட்டி, சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடுத்துக் காரைத் தூக்கித் தூக்கி, எந்தச் சாய்வில் நிறுத்தினால் முன் கார் மறைக்காது என்று பார்த்திருக்கிறார். அதற்குப் பேடண்டும் வாங்கினார். ஒரு காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், எத்தனை பேர் வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் வாங்கவில்லை. அந்தத் தியேட்டர் சில வருடங்களிலேயே மூடப்பட்டது.

ஓரஃபீல்டில் ஹோட்டல் வைத்திருந்த வில்சன் ஷாங்க்வைலர் அதற்கு அடுத்த வருடமே தன் இடத்தில் ஒன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் தியேட்டர் என்றால் இவ்வளவுதான்: இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு துணி, மேஜைமேல் 16 எம்.எம். புரொஜெக்டர், சத்தத்துக்கு ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கர். நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ்தான், மணலுக்குப் பதில் கார்!

எனக்கு இந்தத் தியேட்டரின் வரலாற்றில் பிடித்ததே அந்தச் சத்தத்தின் கதைதான். படம் காட்டுவது சுலபம், பெரிய திரை கட்டினால் முடிந்தது. சத்தத்தைக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் கொண்டுபோவதுதான் பாடு. திரைப் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரை அலறவிட்டால் முன் வரிசைக்குக் காது வலிக்கும், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 150 மீட்டர் தள்ளி நிற்கும் காருக்கோ, நடிகர் வாயசைத்துக் கிட்டத்தட்ட அரை நொடி கழித்துத்தான் வசனம் வந்து சேரும். இதற்கு வழியாக வந்ததுதான் பழைய ஹாலிவுட் படங்களில் நாம் பார்க்கிற, கார் ஜன்னலில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர். ஷாங்க்வைலர்ஸுக்கு அது 1948-இல் வந்தது. (கழற்றிக் கம்பத்தில் மாட்ட மறந்து, ஒயரோடு பிய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் எல்லா டிரைவ்-இன்னிலும் இருந்திருக்கிறார்கள்.) 1986-இல் எஃப்.எம். ஸ்டீரியோ. படத்தின் ஒலியைச் சின்ன டிரான்ஸ்மிட்டரில் அனுப்ப, அவரவர் கார் ரேடியோவில் கேட்டுக்கொள்ளலாம். அமெரிக்க டிரைவ்-இன்களில் இதை முதலில் செய்தவர்கள் என்ற பெயர் இவர்களுக்கு.

நடுவில் 1955-இல் டயான் புயல் வந்து புரொஜெக்டர் அறையையும் தின்பண்டக் கடையையும் நாசமாக்கிவிட்டுப் போனது. திரும்பவும் கட்டினார்கள். 2013-இல் டிஜிட்டல் புரொஜெக்டரும் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஃபிலிம் பிரிண்ட் வருவது நிற்கப்போகிறது என்றானதும், புது மெஷினுக்குப் பணம் புரட்ட முடியாமல் மூடிய டிரைவ்-இன்கள் பல. 1950-களின் கடைசியில் நாடு முழுக்க 4,000-க்கும் மேல் இருந்தவை இன்றைக்குச் சுமார் 300. நிலத்தின் விலை, வீடியோ கேசட், டிவி என்று காரணங்கள் நிறைய. எனக்கு வேடிக்கையாகப் பட்டது இன்னொன்று: 1960-களின் கடைசியில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பது கிட்டத்தட்ட நாடு முழுக்க வழக்கமானது. இருட்டினால்தான் படம், இருட்டுவதோ ஒரு மணி நேரம் லேட். பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் நடுராத்திரி வரை உட்காருவது?

நாங்கள் போனபோதும் அதே கதைதான். எட்டரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, படம் தொடங்க ஒன்பது ஆகிவிட்டது. அதுவரை பிள்ளைகள் திரைக்கு முன்னால் பந்து விளையாடினார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்னால் மெத்தையே விரித்திருந்தது ஒரு குடும்பம். அக்கா புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஆனாலும் கடையில் பாப்கார்ன் வாங்கினோம். டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு படக் கம்பெனிக்குப் போய்விடும், டிரைவ்-இன் பிழைப்பதே கடை வியாபாரத்தில்தான்.

"இன்ஜினை அணைச்சுட்டு ரேடியோவை மட்டும் போடுங்க" என்றாள் அக்கா. அத்தானின் புதுக் காரோ, இன்ஜினை அணைத்தால் ரேடியோவையும் அணைத்துவிடுகிறது, ஏதோ ஒரு பட்டனை இரண்டு முறை அழுத்தினால் முகப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து நாலு வரிசையும் திரும்பிப் பார்க்கிறது. கடைசியில் பக்கத்து காரிலிருந்த பையன் வந்து சரிசெய்து கொடுத்தான்.

போகிறவர்களுக்கு: பேட்டரியில் ஓடும் எஃப்.எம். ரேடியோ ஒன்று கையோடு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. கொசு மருந்து, போர்வை கட்டாயம், ஜூனிலும் பத்து மணிக்கு மேல் குளிர்கிறது. முன் கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள். நாங்கள் துடைக்கவில்லை, கதாநாயகியின் கன்னத்தில் கடைசி வரை ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது.