கால் தளர்ந்த மகளுக்குப் போலியோ பரிசோதனை: எங்கள் அனுபவம்

2023 ஆகஸ்டில் ஒரு நாள் காலை, ஐந்து வயது நிறையாத என் மகள் கட்டிலிலிருந்து இறங்கியதும் கால் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் பார்த்த மருத்துவர் சத்துக்குறைவு என்று டானிக் எழுதித் தந்தார். ஐந்தாம் நாள் மற்றக் காலும் தளரவே, அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைத் தளரச் செய்யும் கில்லன் பாரி நோயாக இருக்கலாம் என்று சிகிச்சையைத் தொடங்கிய குழந்தைகள் மருத்துவர், கையோடு சுகாதாரத் துறைக்கும் தகவல் அனுப்பினார்.

மறுநாளே போலியோ கண்காணிப்பு மருத்துவர் ஒருவர் வந்து தடுப்பூசி அட்டையைக் கேட்டார். பிறந்தபோதும், 6, 10, 14 வாரங்களிலும், ஒன்றரை வயதிலும் போட்ட சொட்டு மருந்து அதில் பதிவாகியிருந்தது. முகாம்களில் போட்டதை மட்டும் நினைவிலிருந்து சொன்னேன். ஒரு தவணைகூடத் தவறாத குழந்தைக்கு இந்தப் பரிசோதனை எதற்கு என்று கோபமாகவே கேட்டேன். 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தாலும், காரணம் எதுவாகத் தோன்றினாலும், மலத்தைப் பரிசோதிப்பதே விதி என்றார். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமி (சொட்டு மருந்திலிருந்து வராத கிருமி) எவரையும் முடக்கவில்லை என்று சொல்ல முடிவதே, போலியோ இல்லாத குழந்தைகளையும் விடாமல் பார்ப்பதால்தான் என்று அவர் விளக்கிய பிறகு என் கோபம் அடங்கியது.

மாதிரி எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கிருமி மலத்தில் விட்டு விட்டுத்தான் வெளிப்படும் என்பதால், தளர்ச்சி தொடங்கிய 14 நாள்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மாதிரிகள் வேண்டும். மகளுக்கோ கடுமையான மலச்சிக்கல். ஒன்பதாம் நாள் மதியம் முதல் மாதிரி கிடைத்தது. மறுநாள் விடியற்காலையில் அவள் மலம் கழித்தபோது நான் ஓடிப்போய்ச் செவிலியரை அழைத்தேன். 24 மணி நேரம் நிறையவில்லை என்று அதை எடுக்க மறுத்துவிட்டார். அன்று அழுதேன். பன்னிரண்டாம் நாள் இரவு, கட்டைவிரல் அளவு மலம் கிடைத்தது. டானிக்கோடு கழிந்த அந்த ஐந்து நாள்கள் கையில் இருந்திருந்தால் இந்தத் தவிப்பு வந்திருக்காது. தனியார் மருத்துவர்களும் தளர்ச்சியைக் கண்டவுடன் தகவல் சொல்லியாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சூடு பட்டால் கிருமி அழிந்து, இருப்பதும் இல்லாததாகத் தெரியும்; ஆகவே மாதிரிகள் ஐஸ் பெட்டியில் கிண்டி கிங் ஆய்வு நிறுவனத்துக்குப் போயின. போலியோ இல்லை என்று முடிவு வந்தது.

அத்துடன் முடிந்தது என்றிருந்தோம். ஆனால் தளர்ச்சி தொடங்கி அறுபது நாள் கழித்து அதே கண்காணிப்பு மருத்துவர் வீடு தேடி வந்தார். மகளை நடக்கச் சொல்லி, முழங்காலைத் தட்டி, இரு தொடைகளையும் அளந்து பார்த்துவிட்டு, இடது பாதத்தில் மிச்சமிருந்த லேசான தளர்ச்சியைப் படிவத்தில் எழுதிக்கொண்டார்.